படத்தின் விளிம்புக்கு அப்பால்

கறுத்த தரையின் நடுவே செக்கச்செவேலென ஓர் ஓடை. கனடாவின் சட்பரியில் எட்வர்ட் பர்டின்ஸ்கி 1996இல் எடுத்த புகைப்படம் இது. பார்த்ததும் எரிமலைக் குழம்பு என்றே தோன்றும். உண்மையில் அது நிக்கலைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சுரங்கக் கழிவு. அதிலுள்ள இரும்பு காற்றுப்பட்டுத் துருவேறியதால் வந்த சிவப்பு.

நாசத்தை இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்று பர்டின்ஸ்கியின் படங்களைப் பற்றிப் பலரும் கேட்டிருக்கிறார்கள். அழகில்லாவிட்டால் அந்தக் கழிவை யார் நின்று பார்த்திருப்பார்கள்? அழகு குற்றமல்ல. படத்துக்குள் வராமல் போனது எது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

19ஆம் நூற்றாண்டுக் கலிஃபோர்னியாவின் புகைப்படக்காரர் கார்ல்டன் வாட்கின்ஸைப் பாருங்கள். 1861இல் பெரிய கண்ணாடித் தகடுகளில் அவர் எடுத்த யோசெமிட்டி பள்ளத்தாக்குப் படங்கள், அதைக் காக்க 1864இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்துக்குத் துணைநின்றன. அதே வாட்கின்ஸ் மாலகாஃப் தங்கச் சுரங்கத்தையும் படமெடுத்தார். அங்கே ராட்சதக் குழாய்களில் தண்ணீரைப் பீய்ச்சி மலையையே கரைத்தார்கள். நீர்த்தாரையும் செங்குத்தான மண்சுவரும் படத்தில் கம்பீரமாகத் தெரிகின்றன. கரைந்த மண் எங்கே போனது? இத்தகைய சுரங்கங்களின் மண் யூபா ஆற்றை மேடாக்கியது. வெள்ளம் வந்தபோது வயல்களில் ஏறியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஆற்றில் கழிவைத் தள்ளக் கூடாது என்று 1884இல் நீதிபதி லோரென்சோ சாயர் தடை விதித்தார். பாழானது வயல், படத்தில் இருப்பதோ மலை.

சட்பரிப் படத்துக்கும் வெளியே இரண்டு விஷயங்கள் நிற்கின்றன. உலகில் எடுக்கும் நிக்கலில் பெரும்பங்கு துருப்பிடிக்காத எஃகுக்குத்தான் போகிறது. வாங்குகிறவர்கள் யாரும் படத்தில் இல்லை. உருக்காலைப் புகையால் மொட்டையான குன்றுகளில் 1978 முதல் ஊரார் சுண்ணாம்பு தூவி மரம் நட்டு வருவதும் அதில் இல்லை.

ஒரே படத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதால் ஆரல் கடல் வற்றியதை உலகம் கண்ணால் கண்டது, லேண்ட்சாட் போன்ற செயற்கைக்கோள்கள் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்ததால்தான்.

குவாரியையோ சாயக்கழிவையோ படமெடுப்பவர், அது பாயும் திசையில் கொஞ்சம் நடந்து இரண்டாவது படத்தையும் எடுக்க வேண்டும். அச்சிடுபவர் இடம், தேதி, யாருக்காகத் தோண்டப்பட்டது என்ற விவரங்களோடு இரண்டையும் சேர்த்தே போட வேண்டும்.