பெயர் அவருடையது; நா நம்முடையது!

தம்பி,

இராசபாளையத்தில் கூட்டம் பேசிவிட்டுத் திருவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தபோது நள்ளிரவு. பேருந்து நிலையத்தருகே விளக்கணையாத தேநீர்க் கடை ஒன்று. நூற்பாலையில் வேலை முடித்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி வந்த தோழர்கள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டனர். விலைவாசியில் தொடங்கிய பேச்சு, வேறோரிடத்தில் வந்து நின்றது.

"ஆண், பெண் என்று இரண்டு போதாதா? திருநங்கை என்றார்கள், திருநம்பி என்றார்கள், இப்போது தன்பாலீர்ப்பாளர், பால்புதுமையர் என்கிறார்கள். இன்னும் எத்தனை பெயரோ?" என்றார் ஒருவர்.

"நோய்!" என்றார் இன்னொருவர். "மேல்நாட்டுச் சரக்கு!" என்றார் மூன்றாமவர். "வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளின் வேடிக்கை!" என்றார் நான்காமவர்.

கேட்டேன்: "இவர்களில் எவரோடேனும் அமர்ந்து பேசியதுண்டா?"

விடையில்லை, தம்பி! தேநீர்க் குவளைகளின் ஓசைதான் கேட்டது.

பால்கோவாவுக்குப் பெயர்போன ஊர் அது. நெருப்பருகே நின்று, பால் சுண்டும்வரை கிண்டுபவரின் தோள் வலியை அவ்வூரார் அறிவர். காய்ச்சாத பாலைக் கோவா என்று கூவி விற்க எவருக்கேனும் துணிவு வருமா? வராது! கருத்தை மட்டும் கறந்த சூட்டோடு கடைக்குக் கொண்டுவந்துவிடுகிறோமே, ஏன்?

குற்றம் சாட்ட வந்தவனல்லன் நான். குற்றவாளிக் கூண்டில் நின்றவன். கல்லூரியைப் பாதியில் விட்டு, நாடகமே வாழ்வென்று திரிந்த நாளில், இடுப்பை வளைத்து, கையைத் தட்டி, கொச்சை பேசும் பாத்திரம் ஒன்றைப் படைத்தேன். கொட்டகை அதிர்ந்தது. பூரித்தேன்! ஒப்பனை அறையில், எங்கள் குழுவுக்கு வண்ணம் தீட்டும் திருநங்கை ஒருவர், என் முகத்தைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "அண்ணே, கைதட்டல் உங்களுக்கு, அந்த வசனம் நாளை முதல் தெருவிலே எனக்கு."

அடுத்த ஊரில் அந்தக் காட்சியை வெட்டினேன். சிரிப்புக் குறைந்தது, வசூலும் குறைந்தது. ஆயினும் அன்றிரவுதான் நான் நிம்மதியாக உறங்கினேன்.

மேல்நாட்டுச் சரக்கு என்போர், நம் வீட்டுப் பேழையைத் திறந்து பார்த்ததுண்டா? தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் சொல்லுக்கு இடம் வகுத்தார். அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்றார். ஆனால் அவர்களை வைத்த இடம் உயர்திணை! ஈறு இல்லாதவர்க்கும் திணை தந்தது இலக்கணம். "அது வருகிறது, அது போகிறது" என்று அவர்களை அஃறிணைக்குத் தள்ளுவது நம் நாக்கு!

பெரியாழ்வார் பிறந்த ஊரும் திருவில்லிபுத்தூரே. ஆணாகிய அவர், யசோதையாகித் தாய்மொழியில் பாடினார்; பழித்தவருண்டா? நாடக மேடையில் அவ்வையாக நடித்தார் தி. க. சண்முகம். அந்தப் பெண்பெயரே அவர் பெயரோடு ஒட்டி, 'அவ்வை சண்முகம் சாலை' என்று சென்னையில் இன்று நிலைத்து நிற்கிறது. மேடையில் வணங்கியதைத் தெருவில் ஏசுவது என்ன நியாயம்?

உண்மையில் கப்பலேறி வந்தது எது தெரியுமா? வெள்ளையர் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு! வயதுவந்தோர் இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்சநீதிமன்றம் உரைக்க, 2018 செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கருத்துரைக்கும் முறைக்கு ஒரு காட்டு வேண்டுமா? மதுரைப் பெண்கள் இருவர், ஒருவரையொருவர் விரும்பினர், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து, நீதிமன்றத்தின் காப்பைக் கேட்டனர். வழக்கைக் கேட்டவர் உயர்நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ். என்ன செய்தார்? இதுபற்றித் தமக்குத் தெளிவு போதாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியல் அறிந்தவரிடம் சென்று, மாணாக்கர்போல் அமர்ந்து கேட்டார். அதன்பிறகே 2021 ஜூன் 7இல் ஆணையிட்டார்: காவல்துறை துன்புறுத்தலாகாது, 'மாற்றுகிறேன்' என்று மருத்துவம் செய்யலாகாது! தீர்ப்புச் சொல்லும் உரிமை படைத்தவரே கேட்டறிந்து சொன்னார். தேநீர்க் கடையில் நாம் கேளாமலே தீர்ப்பளிக்கிறோம்!

பெயர்கள் ஏன் இத்தனை என்கிறாய். பெயரில்லாதவன் மனு எழுத முடியுமா? வசைச் சொற்களே பெயராக இருந்த மக்களுக்கு, 2008 ஏப்ரல் 15இல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது. அன்று 'அரவாணி' என்றனர். பின்னர் 'திருநங்கை' என்ற சொல் வேரூன்றியது. 2022 ஆகஸ்டில் அரசிதழிலேயே சொற்பட்டியல் வெளிவந்தது. நாளை அவர்களே வேறு சொல்லைத் தேர்ந்தால், அதுவும் அவர்கள் உரிமை. சட்டை அணிபவனுக்குத்தான் தெரியும், எங்கே இறுக்குகிறது என்பது!

இன்னொன்றும் கேள். பெயரை மதிப்பது வேறு. கருத்தை எடைபோடுவது வேறு. திருநங்கை ஒருவர் கூலி உயர்வு பற்றிப் பேசினால், கூலிக் கணக்கைப் பார். பால் கணக்கைப் பார்க்காதே! அவர் சொல்வது தவறெனில், தயங்காமல் மறுத்துப் பேசு, அதுவும் மரியாதையே. ஆனால் பிறப்பைச் சுட்டி வாயடைக்காதே.

இறுதியாக, நம் மேடைக்கு வருவோம். மாற்றுக் கட்சிக்காரனை மடக்க வாதம் கிடைக்காதபோது, "பேடி" என்கிறோம். "வளையல் அனுப்புவோம்" என்கிறோம். கூட்டமும் ஆர்ப்பரிக்கிறது. அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில், வளையலணிந்த கைகளோடு, நமக்கு வாக்களிக்கும் எண்ணத்தோடு ஒருவர் நிற்பாரே! பிறர் அறியாவண்ணம் தன்னை மறைத்து ஓர் இளைஞன் நிற்பானே! எதிரியின்மீது எறிந்த கல் யார் நெற்றியைப் பிளந்தது?

எதிரியை வீழ்த்தப் புள்ளிவிவரம் தேடு, வரலாறு தேடு. அடுத்தவர் உடலைத் தேடாதே! நாளை மறுநாள் விருதுநகரில் கூட்டம். பேசவிருப்போர் பட்டியலில் என் பெயரும் உண்டு. தவறிப்போய் அந்தப் பழைய சொல் என் வாயில் வந்தால், தம்பி, முன்வரிசையிலிருந்து எழுந்து நின்று, என்னைத் தடுக்கும் முதற்குரல் உன்னுடையதாக இருக்கட்டும்.