நுரை என்றொரு சொல்

கொலம்பியா விண்ணோடம் 2003 பிப்ரவரி 1 அன்று டெக்சஸ் வானில் சிதறியதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி கல்பனா சாவ்லாவைப் பற்றியது. அது இயல்புதான். கர்னாலில் பிறந்த ஒரு பெண் விண்வெளியிலிருந்து திரும்பும் வழியில் மாண்டார் என்பது நம்மை உலுக்கிய செய்தி. அந்த வாரத்திலேயே இந்திய வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. வீரதீரச் செயல் புரிந்த பெண்களுக்குத் தமிழக அரசு வழங்கும் விருதும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அவரையும் உடன் சென்ற அறுவரையும் கொன்றது எது என்ற கேள்விக்கு மட்டும் ஒற்றை வரியில் விடை சொல்லி நகர்ந்துவிடுகிறோம்: புறப்படும்போது நுரைத்துண்டு ஒன்று இறக்கையில் மோதியது.

இவ்விடை பொய்யன்று, பாதி விடை. துண்டு மோதியது ஜனவரி 16-ஆம் தேதி. அவர்கள் இறந்தது பதினாறு நாட்களுக்குப் பிறகு. மோதல் நடந்ததை மறுநாளே படச்சுருள்களில் பார்த்துவிட்டார்கள். ஆக, அதன்பின் பூமியில் என்ன பேசப்பட்டது, என்ன எழுதப்பட்டது என்பதில்தான் மீதி விடை இருக்கிறது. அட்மிரல் ஹரால்ட் கெஹ்மன் தலைமையிலான விசாரணைக் குழு 2003 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மின்னஞ்சல்களையும் கூட்டக் குறிப்புகளையும் வரிவரியாக எடுத்துவைத்து இதை ஆராய்கிறது. பொறியியலாளர்களுக்கு நிகராக மொழி படித்தவர்களும் படிக்கவேண்டிய நூல் அது என்பது என் கருத்து. ஏனெனில் அதன் ஒரு பகுதி, கலைச்சொற்களை எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், சொற்களைப் பற்றிய விசாரணையாகவே இருக்கிறது.

முதலில் 'நுரை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். விண்ணோடத்தின் வயிற்றோடு ஒட்டிச் செல்லும் பெரிய எரிபொருள் கலத்தில் கடுங்குளிர் நிலையில் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் இருந்தன. அந்தக் குளிர் வெளியே கசிந்து பனிக்கட்டி படியாதிருக்க, மேலே காப்புநுரை பூசியிருந்தார்கள். பிய்ந்து விழுந்த துண்டு, கலத்தை விண்ணோடத்தின் முன்பகுதியோடு பிணைக்கும் தாங்கியின் மேலிருந்து வந்தது. முக்கால் கிலோ எடை, இரண்டடி போல் நீளம். கைக்கு அது பஞ்சுமெத்தைத் துண்டாகத்தான் தோன்றும். விபத்து நடந்த சில நாட்களில் விண்ணோடத் திட்டத்தின் மேலாளரே, நுரை போய் இப்படியொரு சேதத்தை விளைவித்திருக்கும் என்பது தமக்குப் பொருந்தி வரவில்லை என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அவர் சொன்னது பொறியியல் முடிவா, அல்லது அச்சொல் நம் எல்லோருக்குள்ளும் எழுப்பும் மென்மையின் முடிவா என்று எனக்கு ஐயம் உண்டு. உண்மையில் துண்டின் இலேசுதான் ஆபத்து. புறப்பட்டு 82-ஆவது விநாடியில், ஒலியைப் போல் இருமடங்குக்கும் மேலான வேகத்தில் ஏறிக்கொண்டிருந்த கலத்திலிருந்து பிரிந்த துண்டு இலேசானது என்பதாலேயே காற்று அதன் வேகத்தை நொடிக்கும் குறைவான நேரத்தில் வெகுவாகக் குறைத்தது. பின்னால் வந்த இறக்கை அதன்மேல் போய் மோதியது. மோதல் வேகம் மணிக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர். 2003 ஜூலையில் சான் அன்டோனியோ நகரின் ஆய்வுக்கூடத்தில் அதே எடையுள்ள நுரைத்துண்டை அதே வேகத்தில் இறக்கை விளிம்பின் கார்பன் பலகைமீது சுட்டுப் பார்த்தார்கள். ஒரு முழம் அகலத்துக்குத் துளை விழுந்தது. கூடியிருந்தவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பகுப்பதை வாசகர்கள் அறிவார்கள்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. வகுப்பில் இவற்றை அரைமணி நேரத்தில் நடத்தி முடித்துவிடுவதுண்டு. மாணவர்களும் இரண்டு மதிப்பெண் வினா என்று ஓரத்தில் குறித்துக்கொள்வார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரைகளில் வரும் வழக்கமான எடுத்துக்காட்டுகள். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கிக்கொள்ளும் சொல். அதைப் பிறர் அறியாமல் மறைக்கவே பயன்படுத்துவதாகத்தான் சொல்லித் தருகிறோம். குழூஉக்குறி அதைப் பேசுபவர்களிடமிருந்தே பொருளை மறைக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் நாசாவுக்குத்தான் போகவேண்டும்.

அங்கே 'இன் ஃபேமிலி' என்றொரு வழக்கு இருந்தது. 'குடும்பத்துக்குள் அடங்கியது' என்று சொல்லலாம். முன்பே நேர்ந்து, ஆராயப்பட்டு, புரிந்துகொள்ளப்பட்ட குறைபாடு என்பது அதன் வரையறை. விண்ணோடத்தை வடிவமைத்தபோது, புறக்கலத்திலிருந்து எதுவும் உதிர்ந்து விழவே கூடாது என்பதுதான் விதி. 1981-இல் முதல் பயணத்திலேயே அவ்விதி உடைந்தது. திரும்பி வந்த கொலம்பியாவில் 300-க்கும் மேற்பட்ட வெப்பக்காப்பு ஓடுகளை மாற்ற வேண்டியிருந்தது. அதன்பின் ஒவ்வொரு பயணத்திலும் ஏதேனும் உதிர்ந்தது, கலம் திரும்பியது, ஓடுகள் மாற்றப்பட்டன. மெல்ல மெல்ல, விதிமீறலாக இருந்த ஒன்று 'பராமரிப்பு வேலை' ஆயிற்று, குடும்பத்துக்குள் வந்துவிட்டது. வரையறையின் மூன்று உறுப்புகளில் 'முன்பே நேர்ந்தது' என்பது மட்டும்தான் உண்மை; 'புரிந்துகொள்ளப்பட்டது' என்பதை எவரும் நிறுவியிருக்கவில்லை. சேலஞ்சர் விபத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன், பிறழ்வு இயல்பாகிப்போதல் என்று இதற்குப் பெயரிட்டிருந்தார். குழு அவரையும் அழைத்துக் கேட்டது.

கொலம்பியா புறப்படுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்பு, 2002 அக்டோபரில், அட்லாண்டிஸ் புறப்பட்டபோதும் அதே இடத்திலிருந்து நுரை பிய்ந்து பக்கத்து உந்துகலத்தின் அடிப்பகுதியில் பள்ளம் விழுந்தது. பயணக் கோளாறு என்று அதைப் பதிவுசெய்திருந்தால் அடுத்த பயணத்துக்கு முன் விடை காண வேண்டியிருக்கும். பதிவுசெய்யவில்லை. பின்னர் கவனிக்கவேண்டிய 'நடவடிக்கை' என்று வேறொரு பெட்டியில் போட்டார்கள். கல்பனா சாவ்லாவின் கலம் புறப்பட்டபோது அந்தப் பெட்டி திறக்கப்படாமலே இருந்தது.

அடுத்தது அந்த ஒற்றைப் பக்கம். மோதலின் விளைவைக் கணிக்கப் பொறியாளர்கள் 'கிரேட்டர்' என்ற கணக்கீட்டு நிரலைப் பயன்படுத்தி, முடிவை பவர்பாயிண்ட் பக்கங்களாக மேலாளர்களுக்குக் காட்டினார்கள். அவற்றில் ஒரு பக்கத்தை எட்வர்ட் டஃப்டி பிரித்து ஆராய்ந்திருக்கிறார். குழுவின் அறிக்கையும் அதை எடுத்தாள்கிறது. தலைப்பை மேலோட்டமாகப் படித்தால், சோதனைத் தரவுகள் தாராளமான பாதுகாப்பைக் காட்டுகின்றன என்றே தோன்றும். கீழே உள்தள்ளி உள்தள்ளிச் செல்லும் துணுக்கு வரிகளில் 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல் ஐந்து இடங்களில் ஐந்து விதமாக வருகிறது. எங்கும் அளவு இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில், சிறிய எழுத்தில், உண்மை கிடக்கிறது. நிரலைச் சரிபார்க்கப் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம். இங்கே மோதியதாக அவர்கள் மதிப்பிட்ட துண்டு 1920 கன அங்குலம். 640 மடங்கு. அதாவது அந்த நிரலால் இதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, பக்கம் முழுவதும் ஓடுகளைப் பற்றியது. அடிபட்டதோ இறக்கையின் கார்பன் விளிம்பு. எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியத்தில் இதை எழுதச் சொல்லியிருந்தால் எழுதியவருக்கே கை நடுங்கியிருக்கும். நம் கருத்தரங்குகளிலும் இப்போது முழு வாக்கியம் அருகிக்கொண்டு வருகிறது. நல்லவேளையாக அங்கே யாரும் சாவதில்லை.

விளிம்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்க வழியே இல்லையா? இருந்தது. இராணுவத்தின் தொலைநோக்கிகளும் செயற்கைக்கோள்களும் சுற்றுப்பாதையில் இருக்கும் கலத்தைப் படமெடுக்கக் கூடியவை. மூன்று தனித்தனி வழிகளில் படம் கேட்கப்பட்டது, மூன்றும் வீணாயின. ராட்னி ரோச்சா என்ற பொறியாளர், வெளி அமைப்புகளிடம் மன்றாடியாவது உதவி கேட்கலாகாதா என்று மின்னஞ்சலில் எழுதினார். மேலிடத்தில் கேட்டதோ, இது எவருடைய 'தேவை' என்பது. விருப்பம் வேறு, தேவை வேறு. தேவைக்கு உரிமையாளர் வேண்டும், படிவம் வேண்டும். கலம் பழுதுபட்டிருக்கிறது என்று மெய்ப்பித்தால் படம் கிடைக்கும். படம் கிடைத்தால்தான் மெய்ப்பிக்க முடியும். பாதுகாப்பானது என்று நிறுவவேண்டிய சுமை, பாதுகாப்பற்றது என்று நிறுவவேண்டிய சுமையாகத் தலைகீழாகிவிட்டதைக் குழு அழுத்திச் சொல்கிறது. படம் மறுக்கப்பட்ட பின் ரோச்சா இன்னொரு கடிதம் எழுதினார். இந்த மறுப்பு பெருந்தவறு, பொறுப்பற்ற செயலின் விளிம்பில் நிற்பது என்ற கருத்துப்பட, கடுமையான மொழியில். அந்த 16 நாட்களில் எழுதப்பட்டவற்றுள் தெளிந்த மொழி அதுதான் என்பேன். சக பணியாளர் ஒருவருக்குக் காட்டினார். அனுப்பவில்லை.

விண்ணோடிகளுக்கும் செய்தி போனது, ஜனவரி 23-ஆம் தேதி. நுரை மோதியதைச் சொல்லி, இது முன்பும் கண்டதுதான், திரும்பி வருவதில் எந்தக் கவலையும் இல்லை என்றது அம்மின்னஞ்சல். செய்தியாளர் எவரேனும் கேட்டால் திகைக்காதிருக்கவே சொல்வதாகவும் விளக்கியது. மங்கல வழக்கு என்பதற்கு இதைவிடத் துயரமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. விளக்கை 'அணை' என்னாமல் 'குளிரவை' என்போம். அங்கே இருட்டப்போவது இருவருக்கும் தெரியும். இங்கே எழுதியவரும் அதை நம்பித்தான் எழுதினார்.

மேலே இருப்பவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னாலும் இதே கதிதான் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1988 டிசம்பரில் இராணுவ இரகசியப் பயணம் சென்ற அட்லாண்டிஸின் அடிவயிறு, உந்துகலத்தின் மூக்கிலிருந்து உதிர்ந்த பொருளால் சிதைந்தது. தளபதி ராபர்ட் கிப்சன் எந்திரக் கையின் கேமராவில் பார்த்துத் தாங்கள் பிழைக்கப்போவதில்லை என்றே நினைத்தார். இரகசியம் காக்கும் பொருட்டுச் சங்கேதமாக்கி அனுப்பிய மங்கலான படத்தைப் பார்த்த தரைக்கட்டுப்பாடு, அது ஒளியும் நிழலும் செய்யும் மாயம் என்றது. இறங்கிய பின் எண்ணினார்கள்: 700-க்கும் மேற்பட்ட ஓடுகளில் சேதம், ஓர் ஓடு முழுதாகவே இல்லை. அந்த ஓடு இருந்த இடத்தின் அடியில் தற்செயலாகத் தடித்த உலோகத் தகடு இருந்ததால் உயிர் தப்பினார்கள்.

இதற்கெல்லாம் மொழியைக் குற்றம் சொல்வது இலக்கிய ஆசிரியரின் தொழில்நோய் என்று சிலர் சிரிக்கலாம். காலக்கெடுவின் நெருக்கடியும் நிதிக்குறைப்பும் அதிகார அடுக்கும்தானே காரணம் என்று கேட்கலாம். அவை காரணங்கள்தாம், 2004 பிப்ரவரி 19-க்குள் விண்வெளி நிலையத்தின் ஒரு பகுதியை ஏற்றியாக வேண்டுமென்று, எஞ்சிய நேரத்தை எண்ணிக் காட்டும் திரைக்காப்பை மேலாளர்களின் கணினிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆனால் நெருக்கடி தானே நேராக வந்து ஒருவரைக் கொல்வதில்லை. அதற்கு நாள்தோறும் கையொப்பமிடத்தக்க சொற்கள் வேண்டும். ஆபத்து என்று எழுதப்பட்ட தாளில் கையொப்பமிடத் தயங்கும் மனிதர், குடும்பத்துக்குள் அடங்கியது என்று எழுதப்பட்ட தாளில் கூசாமல் இடுவார். தெரிந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்ற வாதமும் சரியன்று. பிப்ரவரி 15 வரை கொலம்பியாவில் மூச்சுக்காற்று தாங்கியிருக்கும். அடுத்த பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த அட்லாண்டிஸை முடுக்கினால் 10-ஆம் தேதி வாக்கில் ஏவியிருக்கலாம், கடினம், ஆனால் கூடும் என்பது குழுவின் கணிப்பு.

விபத்துக்குப் பின் நடைமுறைகள் மாறின. 2005 ஜூலையில் டிஸ்கவரி புறப்பட்டபோது மீண்டும் பெரிய நுரைத்துண்டு பிய்ந்தது. இம்முறை மோதவில்லை, ஆயினும் ஓராண்டுக்கு விண்ணோடங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. நிலையத்தை அணுகும் ஒவ்வொரு கலமும் வயிற்றைக் காட்டிக் குட்டிக்கரணம் போட, உள்ளிருப்பவர்கள் படமெடுத்தார்கள். 2007-இல் எண்டெவரின் அடியில் விழுந்த பள்ளத்தை அளந்து, அதே போன்ற பள்ளத்தைத் தரையில் செய்து சோதித்த பிறகே, செப்பனிடாமல் இறங்கலாம் என்று முடிவெடுத்தார்கள், பத்திரமாக இறங்கியது. 2011-இல் விண்ணோடங்கள் ஓய்வு பெற்றன.

2025 நவம்பர் 5 அன்று சீனாவின் ஷென்ஜோ-20 கலம் மூவருடன் திரும்புவதாக இருந்தது. விண்குப்பை மோதியிருக்கலாம் என்று அன்றே பயணத்தை ஒத்திவைத்தார்கள்; பிறகு சன்னலில் நுண்ணிய விரிசல்கள் இருப்பதை அறிவித்தார்கள். அவ்வறிவிப்பின் வாக்கிய அமைப்பைக் கவனித்தேன்: மனிதர்கள் பாதுகாப்பாகத் திரும்புவதற்கான நிபந்தனையைக் கலம் நிறைவு செய்யவில்லை என்றது அது. நிறுவும் சுமை கலத்தின்மேல் இருக்கிறது. மூவரும் 14-ஆம் தேதி, அடுத்த குழுவினர் வந்த கலத்தில் திரும்பினார்கள். நிலையத்தில் எஞ்சிய மூவருக்குப் பதினொரு நாட்கள் நம்பத்தக்க கலம் எதுவும் இல்லை. 25-ஆம் தேதி ஆளில்லாமல் ஒரு கலம் ஏவப்பட்டு அன்றே நிலையத்தை அடைந்தது.