மூச்சு விடும் சரக்கு



சென்ற மாதம் நமது உறுப்பினர் ஒருவரின் மகன் என்னிடம் வந்து, என் கிடங்கை ஒட்டிக் காலியாக இருக்கும் அறையை வாடகைக்குக் கேட்டார். மீன் தொட்டிக் கடை வைக்கப் போகிறாராம். மீனோடு, இகுவானா என்னும் பெரிய பச்சைப் பல்லி இனத்தையும் வெளிநாட்டு மலைப்பாம்பையும் விற்றால் லாபம் அதிகம் என்றார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் குழந்தை கைகாட்டினால் தகப்பன் வாங்கித் தராமலா போவார் என்பது அவர் கணக்கு. சுறுசுறுப்பான பிள்ளைதான். ஆனாலும் சரியென்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கொள்முதலுக்குச் சென்னை சென்றபோது இப்படியொரு கடையைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்றடி இகுவானா ஒன்று. திரும்பக்கூட இடமில்லாமல் வால் மடங்கிக் கிடந்தது. வெயில் படவில்லை. மூலையில் வாடிய முட்டைக்கோஸ் இலை. கேட்டதற்கு, "ஐயா, இது பத்து நாள் தின்னாவிட்டாலும் ஒன்றும் ஆகாது" என்றார் கடைக்காரர்.

அதுதான் ஆபத்தே. நாய்க்குப் பசித்தால் குரைக்கும். ஊர்வன பட்டினியை வெளியே காட்டுவதில்லை. இவை உடலில் தாமே சூடு உண்டாக்கிக்கொள்ளும் பிராணிகள் அல்ல. வெதுவெதுப்பு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. சூரிய ஒளியோ அதற்கு ஈடான தனி விளக்கோ இல்லாவிட்டால், இகுவானாவுக்குச் சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்டாமல் எலும்பு மென்மையாகிக் கால் வளையும், தாடை வீங்கும். பருப்புக்குள் வண்டு விழுந்த மாதிரி, வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். மூட்டையையாவது திருப்பி அனுப்பலாம்!

நம் ஊர் வெயிலுக்குப் பேர்போனது. காட்டில் இருந்தால் சூடு மிஞ்சும்போது நிழலுக்கு ஓடும். சித்திரை மாதத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு நாம் சாப்பிடப் போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது எங்கே ஓடும்?

வாங்குகிறவரின் நிலையையும் பாருங்கள். ஒரு சாண் குட்டியாக வாங்கும் இகுவானா சில ஆண்டுகளில் ஐந்தடியாகிவிடும். சிறு நாணயம் அளவில் விற்கும் சிவப்புக் காது ஆமை ஏறக்குறைய ஓர் அடி வளரும். இருபது, முப்பது ஆண்டு வாழும். சலித்துப்போனவர்கள் ஏரியிலும் குளத்திலும் விட்டுவிடுகிறார்கள். இவற்றின் மூலம் சால்மோனெல்லா என்னும் குடல் நோய்க் கிருமியும் பரவும். குழந்தைகளுக்கு இந்நோய் வந்ததால்தான் 1975இல் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை வந்தது. அரிசி, பருப்பு அடுக்கிய கிடங்கின் பக்கத்துச் சுவரில் இது நமக்குத் தேவையா?

அடுத்தது சட்டம். உடும்பு, மலைப்பாம்பு, நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு இனங்களை விற்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மூன்று முதல் ஏழாண்டு வரை சிறை. 2022இல் செய்த திருத்தத்தின் பிறகு இகுவானா போன்ற வெளிநாட்டு இனங்களையும் பதிவு செய்தாக வேண்டும். கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, செல்லப்பிராணிக் கடையே மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிகளில் திணித்துக் கொண்டுவரும் ஊர்வனவற்றைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். பில் இல்லாத சர்க்கரையை வாங்கத் தயங்கும் நாம், பில் இல்லாத உயிரை வாங்கலாமா?

பிழைக்க வரும் பிள்ளையைத் தடுக்கலாமா என்று சிலர் என்னைக் கேட்டார்கள். தொழிலைத் தடுக்கவில்லை. காக்க முடியாத சரக்கைக் கடையில் ஏற்றாதே என்பது நம் பெரியவர்கள் சொல்லித் தந்த பாடம். மூச்சு விடும் சரக்குக்கு அது இன்னும் பொருந்தும். பதிவுச் சான்றும், கொள்முதல் ரசீதும், வளர்ந்தபின் இருக்கப் போதுமான கூண்டும், பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரும் இல்லாத எந்தக் கடைக்கும் நமது சங்கம் சிபாரிசுக் கடிதம் தரக்கூடாது என்பது என் தாழ்மையான கருத்து. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். உறுப்பினர்கள் ஆதரிக்க வேண்டுகிறேன்.

அந்தப் பிள்ளைக்கும் இதையே சொன்னேன். அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மீன் மட்டும் என்றால் நாளைக்கே சாவி தருகிறேன்.

— மொத்த வியாபாரி ஒருவர், திருத்தணி