நான்கு கிகாபைற்றில் அறுந்துபோகும் ஊர்

புலம்பெயர் தமிழர் வீடுகளின் நிலவறைகளில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் வீடியோக் கசற்றுகளைப் பற்றிக் கேட்டால், பெற்றோர் பலரிடமிருந்து ஒரே மறுமொழிதான் வருகின்றது: "அதெல்லாம் எப்போதோ இறுவட்டில் போட்டாச்சு." போட்டது எதனை, போடாமல் விட்டது எதனை என்று எவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெட்டிகளுட் பல குப்பைக்குப் போயிருக்கமாட்டா.

2000ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் கடைகளிற் செய்து கொடுக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை வி.சி.டி இறுவட்டுகள். அவற்றின் படம் 352க்கு 288 புள்ளிகள் கொண்டது. அதே நாடாவை முழு அளவிற் கணினிக்குள் எடுத்தால் 720க்கு 576 புள்ளிகள் கிடைக்கும். அதிற் காற்பங்குகூட வி.சி.டியில் இல்லை. நொடிக்கு 50 அரைப்படங்களாக ஓடிய அசைவு 25 ஆகச் சுருங்கியது. ஒரு தட்டில் 74 நிமிடம் மட்டுமே அடங்கும் என்பதால் மூன்று மணி நேர நாடா மூன்று தட்டுகளைக் கேட்டது. வாடிக்கையாளரோ ஒன்றுக்கே பணம் கொடுத்தார். கடைக்காரர் வெட்டினார். தாலிகட்டும் பந்தியும் நின்றன. வாசலில் நின்று வந்தோரை வரவேற்ற முதியவர், அவருக்குப் பின்னால் தெரிந்த கிணறு, பனையோலை வேலி, ஒழுங்கை ஆகியன போயின. வெட்டிய இடத்தில் சினிமாப் பாட்டு ஒட்டப்பட்டது.

போனது வெறும் பின்னணி அன்று. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் வீடுகளுட் பல இன்று அத்திவாரத்தோடும் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் அற்றுப்போய், மின்கலத்துக்கும் எரிபொருளுக்கும் தடை விதிக்கப்பட்டிருந்த 1990களில், கிடைத்த எண்ணெயில் ஓடிய இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே பிடிக்கப்பட்ட நாடாக்களும் இப்பெட்டிகளுக்குள் உண்டு. அந்த இரைச்சலையும் சேர்த்தே காக்க வேண்டியவர்கள் அதனை "தேவையில்லாத சத்தம்" என்று அழிக்கச் சொல்லிக் காசு கொடுத்தனர்.

சரி, பெற்றோர் தவறவிட்டதை இளையோர் செய்யட்டும் என்றால், அங்கும் ஒரு சாக்கு ஆயத்தமாக இருக்கின்றது: "கணினி ஏற்காது." நாடாவை ஓடவிட்டுப் பதிவைத் தொடங்கிய பிள்ளை, பத்து நிமிடத்திலோ இருபது நிமிடத்திலோ பதிவு நின்றுபோயிருப்பதைக் காண்கின்றான். வன்தட்டில் நூறு கிகாபைற் வெறுமையாக இருக்கையில் "இடமில்லை" என்ற அறிவிப்பு வருகின்றது. நாடா பழுது என்று முடிவு செய்து பெட்டியை மூடிவிடுகின்றான்.

நாடாவிற் பழுதில்லை. பதிவு நின்றது கோப்பின் அளவுக்கு இடப்பட்ட வரம்பினால். எவ்.ஏ.ரி.32 என்னும் பழைய கோப்பு முறைமை ஒரு கோப்பின் அளவை 32 துணுக்குகளால் குறிக்கின்றது. ஆதலால் எந்தக் கோப்பும் 4 கிகாபைற்றை எட்டமுடியாது. அதனோடு சேர்ந்து, 1992இல் மைக்ரோசொவ்ற் வெளியிட்ட ஏ.வி.ஐ கோப்பு வடிவமும் அதனைக் கையாண்ட மென்பொருட்களும் பெரும்பாலும் 2 கிகாபைற்றோடு நின்றன. டி.வி முறையில் ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 13 கிகாபைற். அக்கணக்கில் 2 கிகாபைற் என்பது பத்து நிமிடம்கூட இல்லை. 4 கிகாபைற் ஏறத்தாழ 19 நிமிடம். சுருக்கம் எதுவுமின்றி எடுத்தால் நான்கு நிமிடத்துக்குள் கதை முடிந்துவிடும்.

இதற்கான தீர்வு 1996இலேயே வந்துவிட்டது. அவ்வாண்டில் வகுக்கப்பட்ட ஓப்பன் டி.எம்.எல் என்னும் விரிவு, ஏ.வி.ஐயின் 2 கிகாபைற் தடையை உடைத்தது. என்.ரி.எவ்.எஸ் முறைமைக்கு மாற்றிய வன்தட்டில் 4 கிகாபைற் தடையும் இல்லை. விண்டோஸில் உள்ள 'கொன்வேர்ட்' கட்டளை, இருக்கும் கோப்புகளை அழிக்காமலே இம்மாற்றத்தைச் செய்யும். எதற்கும் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்வது நன்று. விண்டோஸ், மக் இரண்டிலும் பயன்படும் வெளித்தட்டுக்கு எக்ஸ்-ஃபற் போதும். பழைய முறைமையை விடமுடியாத கணினிக்கும் வழி இருந்தது: வேர்ச்சுவல்டப் என்னும் இலவச மென்பொருள், வரம்பை எட்டுமுன் தானே அடுத்த கோப்பைத் திறந்து பதிவைத் தொடரும், துண்டுகளை மீளச் சுருக்காமல் ஒட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, படத்தின் தரத்தைக் குறைத்துக் கோப்பைச் சின்னதாக்குவதே "தீர்வு" என்று விற்கும் கடைகள் இன்றும் உள்ளன. நினைவுக்குச்சியில் நேரடியாக எழுதும் மலிவுப் பெட்டிகள் அதன் மறுவடிவம். குச்சி எவ்.ஏ.ரி.32இல் இருந்தால் படம் துண்டு துண்டாகவே வரும். துண்டுகளுக்கிடையே சில நொடிகள் காணாமற்போகவும் கூடும். அச்சில நொடிகளிற் பேசியவர் யார் என்பதை எவர் சொல்வார்? இடமில்லை என்ற பேச்சும் இனிச் செல்லாது. மூன்று மணி நேர நாடா ஒன்று டி.வி முறையில் 39 கிகாபைற். ஒரு ரெறாபைற் தட்டில் அவ்வாறான 25 நாடாக்கள் அடங்கும். மண்டபத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் ஆயிரக்கணக்கிற் செலவிடும் ஊர்ச் சங்கங்களுக்கு இரண்டு தட்டுகள் பாரமாகா.

பாரம் வேறிடத்தில் இருக்கின்றது. உலகின் கடைசி வி.எச்.எஸ் கருவி உற்பத்தியாளர் என அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இருக்கும் கருவிகளின் தலைகள் தேய்கின்றன. நாடாக்களிற் பூஞ்சணம் ஏறுகின்றது. கனடாவில் இச்சிக்கல் இரட்டிப்பு: ஊரிலிருந்து வந்த நாடா பால் முறையிலானது, அங்குள்ள கருவி என்.ரி.எஸ்.சி. பல்முறைக் கருவி இல்லாத வீட்டில் அந்த நாடா ஒருமுறைகூட ஓடியிராது. அத்தகைய கருவி ஒன்றையாவது வாங்கித் தமிழ்ப் பாடசாலைகளில் வைத்து, சனிக்கிழமைகளில் மூத்த மாணவரிடம் ஒப்படைக்க எந்தச் சங்கத்தாலும் முடியும். ஓடும் படத்தைப் பார்த்து ஆட்களின் பெயரையும் இடத்தின் பெயரையும் சொல்லக்கூடிய பாட்டனாரும் பாட்டியாரும் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றனர்.

அதுவரை எந்த நாடாவையும் எறியலாகாது. பதிவு முடிந்ததும் கோப்பின் நீளம் நாடா ஓடிய நேரத்துக்குச் சமமாக உள்ளதா என்று பார்க்கவேண்டும். 19ஆவது நிமிடத்தில் முடிந்திருந்தால் தட்டை மாற்றி, நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றி மீண்டும் எடுக்கவேண்டும்.