இதில் தலித் எங்கே இருக்கிறது?

ஏப்ரலில் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி எங்கள் பகுதி மாணவர்கள் சமுதாயக் கூடத்தில் ஓர் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். பறை, தனிக்குவளை, அறுந்த சங்கிலி, நீலக் கோட்டு என்று வரிசையாக இருந்த படங்களுக்கு நடுவே நான் வரைந்ததும் ஒன்று தொங்கியது. மூன்றடிக்கு நான்கடி கேன்வாஸ். முழுக்க அழுக்கு வெள்ளை. அங்கங்கே உள்ளிருந்து சாம்பல் நிறம் கசிந்திருக்கும். ஒரு மூலையில் தகடு வைத்துச் சுரண்டிய தடம். ஆளும் இல்லை, பொருளும் இல்லை. தலைப்பும் வைக்கவில்லை.

முதுகலை படிக்கும் தம்பி ஒருவர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தார். "தோழர், தப்பா நினைக்காதீங்க. இதுல தலித் எங்க இருக்கு?"

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அவர் நேர்மையாகத்தான் கேட்டார். அதனால் அந்தப் படம் எப்படி வந்தது என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தனியார் கட்டடத்தின் செப்டிக் டேங்கில் இறங்கிய இருவர் விஷவாயு தாக்கி இறந்துபோனார்கள். உண்மை அறியும் குழுவில் நானும் போயிருந்தேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள்ளேயே அது "விபத்து" என்று பேசி முடிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது உடலை வெளியே இழுக்கும்போது யாரோ செல்போனில் எடுத்த படம் எங்கள் கைக்கு வந்தது. இடுப்பில் கயிறு, பாதி உடல் வெளியே, முகம் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் படத்தைப் பத்திரிகைக்கும் வாட்ஸப் குழுக்களுக்கும் அனுப்பினோம். அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி.

படம் வேலை செய்தது. மறுநாளே கூட்டம் கூடியது. கையால் மலம் அள்ளும் பணிக்கு ஆள் அமர்த்துவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகள் வழக்கில் சேர்ந்தன. மூன்றாம் நாள் அதே படம் சுற்றிச் சுற்றி, இறந்தவரின் மகள் படிக்கும் வகுப்புப் பிள்ளைகளின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் ஒன்பதாம் வகுப்பு. அதற்குப் பிறகு பல வாரங்கள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

எங்கள் அறிக்கையில் இதற்கு இடமில்லை. பெயர், வயது, உட்சாதி, ஒப்பந்ததாரர் விவரம், பாதுகாப்புக் கருவி தரப்பட்டதா, எத்தனை மணிக்கு 108 வந்தது என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. "நாங்கள் செய்த தவறு" என்று ஒரு கட்டம் இல்லை. நான் சமூகவியல் படித்தவள். ஆய்வில் "நான்" என்ற சொல் வந்தால் சிவப்பு மையில் அடித்துத் திருப்பித் தருவார்கள். அந்தப் பழக்கம் அறிக்கை எழுதும்போது கைகொடுத்தது. ராத்திரி தூக்கம் வராதபோது கைகொடுக்கவில்லை.

அப்போதுதான் கேன்வாஸ் வாங்கினேன். முதலில் நான் வரைந்தது அந்தப் புகைப்படத்தையேதான். கரித்துண்டால் கயிறு, தோள், முகம் எல்லாம் வந்துவிட்டது. நன்றாகவே வந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது. இதையும் எங்காவது மாட்டுவார்கள், இதையும் படம் எடுத்துப் பகிர்வார்கள். அதே படத்தை இரண்டாவது முறை அனுப்பத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று புரிந்தது. அண்ணன் வைத்திருந்த வெள்ளை பிரைமரை எடுத்து அதன் மேல் அடித்தேன். கரி கரைந்து மேலே வந்தது. காய்ந்ததும் மறுபடி அடித்தேன். மறுபடியும் கசிந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் இதுதான் வேலை. அண்ணன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர் (எங்கள் தெருவில் "பெயிண்டர்" என்றால் அவரைத்தான் குறிக்கும், என்னை அல்ல). ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "பழசச் சுரண்டாம மேல மேல அடிச்சா நிக்காது பாப்பா, உரியும்" என்றார். பட்டித் தகட்டை வாங்கி ஒரு மூலையில் சுரண்டினேன். புருவமோ காதோ ஏதோ ஒரு கோடு தெரிந்தது. அதோடு நிறுத்திவிட்டேன்.

தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். தலித் அந்தப் படத்துக்கு உள்ளே இருக்கிறார். அவரை யாரும் மறுபடி பார்க்கக் கூடாது என்று மூடினேன். மூட முடியவில்லை என்பதும் தெரிகிறது.

மாடர்ன் ஆர்ட் என்பது மேல்தட்டு விளையாட்டு, நமக்கு எதற்கு என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. சோழமண்டலம் 1966-இல் தொடங்கியது. அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரிந்தது கல்லூரி முடித்த பிறகுதான். கேத்தோண்டேயின் ஓவியங்களுக்கு முன்னால் நின்று மௌனம், தியானம் என்று பேசுவார்கள். நம்மில் ஒருவர் வெறும் நிறத்தைத் தீட்டினால், இதில் பறை எங்கே, துடைப்பம் எங்கே என்று கேட்கிறார்கள். வெளியாட்கள் கேட்டால் புரிகிறது. நாமே கேட்கிறோம். எப்போதும் காயத்தைத் திறந்து காட்டிக்கொண்டே இருந்தால்தான் நாம் நம்பகமானவர்கள் என்ற நிபந்தனையை நாமே நம் பிள்ளைகளுக்குப் போட வேண்டுமா?

இந்தச் சண்டை நமக்கு முன்பே அமெரிக்கக் கறுப்பின ஓவியர்களுக்குள் நடந்திருக்கிறது. நார்மன் லூயிஸ் 1930-களில் வறுமையையும் போலீஸ் அடியையும் உருவங்களாக வரைந்தவர். நாற்பதுகளில் அரூபத்துக்குப் போனார். அதற்காக வீட்டுக்குள் உட்கார்ந்துவிடவில்லை. ஹார்லெமைப் பற்றி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1969-இல் நடத்திய கண்காட்சியில் கறுப்பின ஓவியர்களின் படைப்புகளுக்கு இடம் தரவில்லை என்று நடந்த மறியலில் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் அவரும் ஒருவர்.

எனக்கு மிக நெருக்கமாக இருப்பது ஜாக் விட்டன். அலபாமா மாநிலத்தின் பெஸ்ஸெமரில் 1939-இல் பிறந்தவர். பக்கத்து நகரம் பர்மிங்ஹாம். அங்கே 1963-இல் போராட்டக்காரர்கள் மீது போலீஸ் நாய்களை ஏவியது. அதே ஆண்டு தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு விட்டன் 'பர்மிங்ஹாம் 1964' என்ற படைப்பைச் செய்தார். கறுப்பு வண்ணம் பூசிய அலுமினியத் தாள். நடுவில் அது கிழிந்து திறந்திருக்கும். உள்ளே போலீஸ் நாய் பாயும் செய்தித்தாள் புகைப்படம், அதன் மேல் பெண்கள் காலில் அணியும் ஸ்டாக்கிங் துணி ஒரு திரைபோல. புகைப்படம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கிட்டே போய், குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். நான் இதைத் தெரிந்துகொண்டது என் படத்தை முடித்த பிறகு. முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு நாளும் இவ்வளவு தனியாக இருந்திருக்க மாட்டேன்.

புகைப்படமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1955-இல் மிசிசிப்பியில் பதினான்கு வயது எம்மெட் டில்லை வெள்ளையர்கள் அடித்துக் கொன்றபோது, அவன் தாய் மேமி டில் சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். சிதைந்த அந்த முகத்தை நாடே பார்க்கட்டும் என்றார். அந்தப் படம் ஒரு தலைமுறையையே தெருவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் முடிவெடுத்தது பெற்ற தாய். நாங்கள் யாரைக் கேட்டோம்? அந்தக் குழந்தையின் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் மயங்கிக் கிடந்தார். அவர் எழுந்து உட்காருவதற்குள் படம் மாவட்டம் தாண்டிப் போய்விட்டது. நிவாரணத்துக்கும் வழக்குக்கும் ஆதாரம் வேண்டும்தான். உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் என்று சொன்ன இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது, அதை வாங்கக்கூட எத்தனை முறை அலைய வேண்டும் என்று களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஆதாரம் போக வேண்டிய இடம் வக்கீலின் கோப்பு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் போன் அல்ல.

கண்காட்சியின் கடைசி நாள் அந்த அம்மாவும் வந்திருந்தார். நான் அழைக்கவில்லை, வேறொருவர் அழைத்து வந்தார். எனக்குக் கை நடுங்கியது. படத்தைப் பார்த்தார். "இது என்னக்கா, சுவரு மாரி இருக்கு?" என்றார். அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அனுப்பியவர்களில் நானும் உண்டு என்பது உட்பட. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதுலயாவது அவரு மூஞ்சி வெளிய தெரியலல்ல, அது போதும்" என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் குழுவின் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: புகைப்படம் வெளியிடக் குடும்பத்தில் யாரிடம், எப்போது சம்மதம் கேட்கப்பட்டது? இதை எதிர்க்கும் தோழர்கள் இருக்கிறார்கள். முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் படம் வெளியே போகவில்லை என்றால் வழக்கே இருக்காது என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி பேசப்போகிறோம். கண்காட்சியில் கேள்வி கேட்ட தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன்.