மின்னல் முரளியும் தேநீர்க்கடைக்காரரும்



இந்த வாரம் ஒரு திரைப்படத்தைப் பற்றி எழுதப்போகிறேன். முகம் சுளிக்க வேண்டாம். ஆயருக்கும் சினிமாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் மூத்தவர்கள் நம் சபையில் உண்டு. அவர்களில் இருவர் சென்ற கிறிஸ்துமஸ் காலத்தில் ஆயர் இல்லத்து முன்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு, இதே படத்தை இறுதிவரை பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை.

படத்தின் பெயர் 'மின்னல் முரளி'. மலையாளப் படம். பேசில் ஜோசப் இயக்கி, டொவினோ தாமஸ் நடித்து, 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. தமிழ்க் குரலிலும் கிடைக்கிறது. வாரம் ஒரு புதுப்படம் தேடும் பிள்ளைகளுக்கு இது பழைய படம். எங்கள் வீட்டிலோ கேரல் ரவுண்ட்ஸ் முடிந்த மறுநாள் மாலை இதைப் பார்ப்பது ஏறக்குறைய ஒரு குடும்ப வழக்கமாகிவிட்டது.

சாகச நாயகர்கள் எனக்குப் புதியவர்கள் அல்லர். மதுரை அரசரடியில் இறையியல் படித்த காலத்தில், வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில் 1978இல் வெளியான 'சூப்பர்மேன்' படத்தை நண்பர்களோடு பார்த்தேன். கிறிஸ்டோபர் ரீவ் வானில் பறந்ததைக் கண்டு மற்றவர்கள் வியந்தார்கள். எனக்கு நினைவில் நின்றதோ அவனை வளர்த்த தகப்பன் மாரடைப்பால் விழும் காட்சி. இத்தனை வல்லமை இருந்தும் அவரைக் காக்க முடியவில்லையே என்று அந்த இளைஞன் கல்லறையருகே நிற்பான். பின்னர் 2012இல் மிஷ்கின் 'முகமூடி' எடுத்தபோது, தமிழிலும் அப்படி ஒருவன் பிறந்துவிட்டான் என்று ஆசையோடு போனேன். சண்டைக் காட்சிகள் பிடித்திருந்தன. முகமூடிக்குள் இருந்தவனோடு எனக்கு ஏனோ ஒட்டவில்லை. குறை அவனுடையதா என்னுடையதா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஜெய்சனோடு உடனே ஒட்டிக்கொண்டேன். அவன் குறுக்கன்மூலா என்னும் கற்பனைக் கிராமத்தில் வாழும் தையற்காரன். காலம் 1990கள். அமெரிக்கா போக வேண்டும் என்பதொன்றே அவன் கனவு. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துபாய், சவூதி என்று கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் காத்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைதான் அவன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அவனை மின்னல் தாக்குகிறது. சாகாமல் எழுகிறான், எழும்போது மனிதனுக்கு மீறிய ஆற்றல் அவனுக்குள் இருக்கிறது. அந்த ஆற்றலைக் கொண்டு முதலில் அவன் செய்வது உலகைக் காப்பது அல்ல, தன்னை அவமதித்த காவலர்களைப் பழிவாங்குவது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. வரம் பெற்ற மறுகணமே பரிசுத்தவானாகிவிடும் மனிதரை நான் என் ஊழியத்தில் கண்டதில்லை.

ஆனால் நான் இந்தப் படத்தை ஆண்டுதோறும் பார்ப்பது ஜெய்சனுக்காக அல்ல. அதே இரவில் அதே ஊரில் இன்னொருவனையும் மின்னல் தாக்குகிறது. அவன் பெயர் ஷிபு.

ஷிபு தேநீர்க்கடையில் எடுபிடி வேலை செய்பவன். ஊரார் பார்வையில் அவன் பைத்தியம். அவன் பள்ளிக்கால முதலே உஷா என்ற பெண்ணை நேசிக்கிறான். அவள் வேறொருவரோடு போய்விட்ட பின்பும் 28 ஆண்டுகள் காத்திருக்கிறான். அவள் நோயுற்ற மகளோடு ஊர் திரும்புகிறாள். அந்தக் குழந்தையின் அறுவைச் சிகிச்சைக்கு வேண்டிய பணத்துக்காகவே ஷிபு வங்கியைக் கொள்ளையிடுகிறான். அவன் குற்றமற்றவன் என்று நான் சொல்ல வரவில்லை, கொலையும் செய்கிறான். ஆயினும் உஷா கடைசியில் அவனை ஏற்றுக்கொள்ளும் கணத்தில் அவன் முகத்தைப் பாருங்கள். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருகின்றன. யாரும் எதையும் தந்தறியாத ஒருவனுக்கு முதன்முறையாக ஒன்று கிடைக்கும்போது அதை எப்படிக் கையில் ஏந்துவது என்றுகூடத் தெரியாது. அந்த முகத்தை நான் மருத்துவமனை வார்டுகளிலும் சிறைச் சந்திப்புகளிலும் கண்டிருக்கிறேன்.

அந்த வேடத்தில் நடித்தவர் நம் மதுரைக்காரர், குரு சோமசுந்தரம். கூத்துப்பட்டறையில் பயின்றவர், 'ஆரண்ய காண்டம்' படத்தில் அறிமுகமானவர். 2016இல் ராஜு முருகன் இயக்கிய 'ஜோக்கர்' படத்தில் தன்னையே குடியரசுத் தலைவராக அறிவித்துக்கொண்ட ஓர் ஏழையாக வந்தவரும் இவரே. அங்கும் ஊர் அவனைப் பைத்தியம் என்றே அழைத்தது. மலையாளக் கிராமம் ஒன்றின் புறக்கணிக்கப்பட்டவனாக ஒரு தமிழரை நிறுத்தியது இயக்குநர் தெரிந்து செய்ததோ, தற்செயலோ, எல்லையோரத்தில் வாழும் எனக்கு அது முள்ளாய்க் குத்தியது.

ஷிபுவின் செயல்கள் தெரியவந்ததும் ஊரார் திரண்டு போய் அவன் குடிசைக்குத் தீ வைக்கிறார்கள். உள்ளே உஷாவும் அவள் மகளும் இருக்கிறார்கள். அவர்கள் வெந்து மடிகிறார்கள். அதன் பின்பே ஷிபு ஊரையே அழிக்கத் துணிகிறான். ஒரு பெண்ணையும் குழந்தையையும் சாகவிட்டுத்தான் வில்லனை எழுப்ப வேண்டுமா என்று என் துணைவியார் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார். நியாயமான கேள்வி. கதையாசிரியர்களிடம் அதற்கு நல்ல பதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சென்ற முறை எங்களோடு பார்த்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் வேறொன்று கேட்டான். ஜெய்சன் ஊரைக் காப்பாற்றிவிட்டான், ஷிபு மாண்டுவிட்டான், எல்லாரும் மகிழ்கிறார்கள். "ஐயா, அந்த வீட்டுக்குத் தீ வச்சவங்களும் அந்தக் கூட்டத்துலதானே நிக்கிறாங்க?"

ஆம், நிற்கிறார்கள். நான் பலமுறை பார்த்தும் இது என் கண்ணில் படவில்லை. ஜெய்சனின் சொந்தத் தகப்பன் ஒரு நாடக நடிகர். தீயில் சிக்கிய பிறரைக் காப்பாற்றித் தாம் மாண்டவர். ஒரு தீயில் ஒருவர் பிறருக்காக உயிரைக் கொடுக்கிறார்; மற்றொரு தீயை ஊரே மூட்டுகிறது. முதல் தீயைப் படம் மரியாதையோடு நினைவுகூர்கிறது. இரண்டாம் தீயைப் பற்றி, அது எரிந்து முடிந்த பின்பு, யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. நான் மிகவும் நேசிக்கும் இந்தப் படத்தோடு எனக்குள்ள ஒரே வழக்கு இதுதான்: அது குறுக்கன்மூலாவுக்கு மீட்பைத் தருகிறது, மனந்திரும்புதலைக் கேட்கவில்லை.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் கல்லறைகளில் வாழ்ந்த மனிதனை நினைத்துப் பாருங்கள். ஊரார் அவனைச் சங்கிலியால் கட்டினார்கள். அவன் தெளிந்து, ஆடை உடுத்தி, அமைதியாய் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர்களுக்கு அச்சம் வந்தது. சுகமாக்கியவரை அவர்கள் தங்கள் எல்லையை விட்டுப் போகும்படி வேண்டிக்கொண்டார்கள். ஊர்களுக்கு ஒரு பைத்தியம் தேவைப்படுகிறது போலும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

2011 டிசம்பர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியது. கம்பம் – குமுளிச் சாலையில் போக்குவரத்து நின்றது. இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் வேலை செய்துவந்த நம் மக்கள், பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு மலைப்பாதைகளில் இறங்கி வந்தார்கள். நம் சபையார் அரிசியும் போர்வையும் திரட்டினோம். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கொடுத்தீர்கள். அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அதே வாரத்தில் நடந்த மற்றொன்றை நாம் பேசுவதில்லை. பழனிசெட்டிபட்டியில், பிரதான சாலையிலிருந்து ஆற்றுப்பக்கம் இறங்கும் தெருவில், மலையாளத்துக்காரர் ஒருவர் தேநீர்க்கடை வைத்திருந்தார். பெயரைச் சொல்லி யாரும் அழைத்ததில்லை, எல்லாருக்கும் அவர் 'சேட்டா'தான். ஞாயிறு ஆராதனைக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்காருவார். பாடல்களைத் தமிழில் படிக்கத் தெரியாததால் மெட்டை மட்டும் முணுமுணுப்பார். ஒருநாள் இரவு அவர் கடையின் ஷட்டரைக் கல்லெறிந்து நசுக்கினார்கள். வெளியே கிடந்த பெஞ்சுகளைப் போட்டு எரித்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆகவே அது செய்தியும் ஆகவில்லை.

சத்தம் எனக்குக் கேட்டது. ஆயர் இல்லத்திலிருந்து அந்தக் கடை நடந்தால் ஐந்து நிமிடம். நான் போகவில்லை. இந்த நேரத்தில் போனால் ஊரில் கலகம் பெரிதாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஞாயிறு ஆகமனகாலம். சமாதானத்தைக் குறித்துப் பிரசங்கித்தேன். நல்ல பிரசங்கம் என்று பலர் கைகுலுக்கினார்கள். கடைசிப் பெஞ்சு காலியாக இருந்தது. மறுவாரம் அவர் மனைவி மக்களோடு ஊரை விட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பாய்லரைக்கூட எடுத்துச் செல்லவில்லை.

அந்தக் கல்லை எறிந்தவர் எவர் என்று நான் விசாரித்ததில்லை. விசாரித்தால் அறிந்த பெயர் எதுவும் வந்துவிடுமோ என்ற அச்சம்தான் காரணம். அவர்களில் சிலர் அதே டிசம்பரில் மலையிறங்கி வந்தவர்களுக்கு அரிசி மூட்டை சுமந்திருக்கவும் கூடும்.

நம் பள்ளத்தாக்கு நன்றி மறந்த பள்ளத்தாக்கு அல்ல. 1895இல் முடிந்த அணைக்காகப் பென்னிகுவிக்கின் படத்தை இன்றும் வீட்டில் மாட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறோம். லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம் நிற்கிறது. முகமூடியும் மேலங்கியும் இல்லாத நம்முடைய சாகச நாயகர் அவர். தண்ணீர் தந்த அந்நியரை இத்தனை ஆண்டுகள் கொண்டாடத் தெரிந்த நமக்கு, தேநீர் தந்த அந்நியரை ஒரு வாரம் காக்கத் தெரியவில்லை.

இந்தப் படத்துக்கும் ஒரு தீய நாள் உண்டு. 2020 மே மாதத்தில், ஊரடங்கினால் படப்பிடிப்பு நின்றிருந்தபோது, காலடியில் பெரியாற்றங்கரையில் இதற்காக எழுப்பியிருந்த தேவாலய அரங்கை ஒரு கும்பல் இடித்தது. கோயிலுக்கு அருகில் தேவாலயம் எப்படி வரலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். பலகையாலும் அட்டையாலும் ஆன பொய்த் தேவாலயம்! அந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் மிகுந்த கோபம் கொண்டேன், அதைப் பற்றி நம் வாலிபர் கூடுகையிலும் பேசினேன். அந்த ஆற்றின் நீரில் ஒரு பங்குதான் சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து நம் வயல்களுக்கு வருகிறது. எஞ்சியது காலடியைக் கடந்து கடலுக்குப் போகிறது. அங்கே இடித்தவர்களைக் கண்டித்த நான், இதே ஆற்றின் இந்தப் பக்கத்தில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எரிந்த பெஞ்சுகளைப் பற்றி அன்றும் வாய் திறக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்ட கேள்விக்கு அன்றிரவு நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அவன் திருப்தியடையவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

அதன் பிறகு விசாரித்தேன். சேட்டா இப்போது குமுளிக்கு அப்பால், வண்டிப்பெரியாறு போகும் சாலையில் சிறிய கடை வைத்திருக்கிறாராம். ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் நம் சபை சகோதரி ஒருவர் அங்கே தேநீர் குடித்திருக்கிறார். தேனிக்காரி என்று சொன்னதும் அவர் காசு வாங்க மறுத்தாராம். ஊரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை குமுளிப் பேருந்தில் புறப்படுகிறேன். என்னோடு வர விரும்புகிறவர்கள் திங்கள் மாலைக்குள் சொல்லுங்கள். 2011இல் அந்தத் தெருவில் இருந்தவர்கள் வந்தால் மிகவும் நல்லது. அவர் எங்களை உட்காரச் சொல்வார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பாய்லரின் விலையைக் கையில் கொண்டுபோகலாமா, அது அவரை மேலும் புண்படுத்துமா என்று எனக்கும் என் துணைவியாருக்கும் இன்னும் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.