மஞ்சள் விளக்கும் தங்கையின் வளையலும்

சென்ற மாதம் நாரணாபுரத்திலிருந்து என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணே, வண்டியில் மஞ்சள் விளக்கு இரண்டு அணையாமல் எரிகிறதாம். 40,000 ரூபாய் ஆகும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். என் வளையலை வைத்துப் பணம் புரட்டலாமா என்று உங்கள் மச்சான் யோசிக்கிறார்கள்" என்றாள். காலண்டரும் நோட்டுப் புத்தகமும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் பிக்கப் வண்டிதான் அந்த வீட்டின் வருமானம். வளையலை வெளியே எடுக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

எரிந்தவை ஏ.பி.எஸ். விளக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கும். ஏ.பி.எஸ். என்பது 1978-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் பென்ஸ் காரில் பொருத்தி வெளியிட்ட ஏற்பாடு. திடீரென்று பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் இறுகி, வண்டி வழுக்கிக்கொண்டு போவதைத் தடுப்பது அதன் வேலை. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திற்கும் இது கட்டாயமாயிற்று. பிக்கப் வண்டிகள் பலவற்றிலும் இன்று இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு சென்சார். அதற்கு எதிரே சக்கரத்தோடு சுழலும் பல் வளையம். பற்கள் கடந்து செல்வதைக் கொண்டு சக்கரத்தின் வேகத்தைச் சென்சார் தெரிவிக்கிறது. கணினிப் பெட்டி ஒன்று நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. சேற்றில் சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இதே சென்சார்களைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே ஒரு சென்சார் ஊமையானால் இரண்டு விளக்குகளும் சேர்ந்தே எரியும். இரண்டு பழுதுகள் என்று அஞ்ச வேண்டியதில்லை.

விளக்கு எரிவதால் பிரேக்கே போய்விட்டது என்றும் பொருளல்ல. சாதாரண பிரேக் வேலை செய்யும். வழுக்காமல் காக்கும் உதவிதான் நின்றுவிடும். ஆனால் மஞ்சளோடு சிவப்புப் பிரேக் விளக்கும் எரிந்தால் நிலைமை வேறு. ஹேண்ட் பிரேக் முழுவதும் விடுவிக்கப்பட்டிருக்கிறதா, பிரேக் ஆயில் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிக்கொண்டு புறப்பட்டுவிடக் கூடாது; கசிவோ, தேய்ந்துபோன பிரேக் பேடோ காரணமாக இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும் சிவப்பு அணையாவிட்டால் வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே முறை. இதற்கு மாறாக, ஈரச் சாலையில் டிராக்‌ஷன் விளக்கு மட்டும் சிமிட்டினால் அது பழுதன்று. தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்ற அறிவிப்பு.

மச்சானிடம் நான் முதலில் கேட்டது, விளக்கு எப்போது வருகிறது என்பதுதான். சாவியைத் திருப்பியதும் விளக்குகள் எரிந்து சில விநாடிகளில் அணைவது இயல்பு. அணையாமலே நின்றால் பியூஸ், பேட்டரி, அறுந்த ஒயர் என்று தேட வேண்டும். அணைந்து, வண்டி சற்று வேகம் பிடித்த பிறகு எரிந்தால் சென்சார் நுனியிலோ வளையத்திலோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். "திருத்தங்கல் தாண்டுவதற்குள் வந்துவிடுகிறது மச்சான். பள்ளத்தில் இறங்கினால் உடனே எரிகிறது" என்றார். பள்ளம் என்ற சொல்லிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. அசைவில் தொடர்பு விட்டு விட்டு வருகிறது என்பதுதானே அதன் பொருள்?

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தது உண்மைதான். ஆனால் அது எஞ்சின் பழுதுகளை மட்டும் படிக்கும் மலிவான கருவி. பிரேக் பெட்டியோடு அது பேசாது. பேசவில்லை என்பதையே பெட்டி கெட்டுவிட்டது என்று தீர்ப்பாக எழுதிவிட்டார்கள்! ஏ.பி.எஸ். படிக்கும் ஸ்கேனரை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிப் போட்டோம். சி 0045 என்ற எண் வந்தது. பின்புற இடது சக்கரத்தின் சென்சார் சுற்று என்பது அதற்குப் பொருள். சுற்று என்பதைக் கவனிக்க வேண்டும்: சென்சார், அதன் ஒயர், பிளக் எல்லாம் அதில் அடக்கம். எண்ணைப் பார்த்த உடனே உதிரி வாங்க ஓடுவது பணத்தை வீணாக்கும். வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் பார்த்தேன். மூன்று 20 காட்ட, நான்காவது மேடு பள்ளங்களில் 0 ஆகி மீண்டது.

இறங்கிப் பார்த்தால், மழைக்காலத்துக் கரிசல் மண் காய்ந்து கல்லாகி அந்தச் சக்கரத்தின் உட்புறத்தை அடைத்திருந்தது. கழுவியபின் உண்மை தெரிந்தது. ஒயரைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் உடைந்துபோய், பாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒயர் வில் பட்டையில் உராய்ந்திருக்கிறது. மேலுறை தேய்ந்து உள்ளே செம்புக் கம்பி சில இழைகளில்தான் நின்றது. சென்சாரை ஒயரோடு மாற்றி, புது கிளிப் போட்டு, ஸ்கேனரில் எண்ணை அழித்து ஓட்டிப் பார்த்தோம். செலவு 2,500 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

எல்லா வண்டிக்கும் இதே காரணம் என்று சொல்லமாட்டேன். பாரத்திற்காகப் பின்னால் மட்டும் அளவு மாறிய டயர் போட்டாலும் வேகக் கணக்கு பிசகி விளக்கு வரும். பிரேக் பெடலுக்கு மேலுள்ள சிறு சுவிட்ச் கெட்டாலும் வரும். சில வண்டிகளில் பல் வளையத்திற்குப் பதிலாகப் பேரிங்கின் ஒரு பக்கத்திலேயே காந்த வளையம் இருக்கும். பேரிங்கைத் தலைகீழாகப் பொருத்தினால் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. பேரிங் மாற்றிய மறுநாள் விளக்கு வந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள். மல்டிமீட்டரில் ஓம் அளந்து பார்ப்பது பழைய வகை சென்சாருக்குத்தான் பொருந்தும். புதிய வகையை அப்படி அளந்தால் அதுவே கெடலாம்.

பல்பைப் பிடுங்கிவிட்டால் போயிற்று என்று மச்சானுக்கு ஒரு டிரைவர் யோசனை சொல்லியிருந்தாராம். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பிக்கப்பில் பின்பக்கம் எடையற்று இருக்கும். ஈரச் சாலையில் முதலில் இறுகி வழுக்குவது அந்தச் சக்கரங்கள்தாம். ஐப்பசி மழையில் இரவு வீடு திரும்பும் கணவனுக்காகக் காத்திருக்கும் எந்தப் பெண்ணும் அந்த யோசனையை ஏற்கமாட்டாள்.

சிவகாசி வட்டாரத்து வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. பட்டாசுப் பெட்டிகள் ஏற்றியுள்ள வண்டியில் இந்தச் சோதனைகளில் எதையும் செய்யக் கூடாது. பியூஸ் பிடுங்குவதும் ஒயர் தொடுவதும் தீப்பொறி தெறிக்கக்கூடிய வேலைகள். சரக்கை உரிய இடத்தில் இறக்கி, தொழிற்சாலை வளாகத்தை விட்டு வெளியே வந்த பிறகே கருவியைக் கையில் எடுக்க வேண்டும்.